படம் தட்டை, இடம் நிஜம்: ஃபோனிலும் மானிட்டரிலும் ‘ஹாலோகிராம்’ செய்யும்போது கவனிக்க வேண்டியவை

பழைய சிடி கவரை நான்கு துண்டாக வெட்டி ஒட்டி ஃபோன் மேல் வைத்தால் ஜெல்லி மீன் அந்தரத்தில் நீந்துகிறது என்று காட்டும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துச் செய்தவர்களில் பாதிப் பேர் ஒரே நாளில் அலுத்துப்போய் அதைத் தூக்கி மூலையில் போட்டிருப்பார்கள். வீடியோவில் பளிச்சென்று இருந்தது நேரில் மங்கல். விளிம்புகள் இரட்டையாகத் தெரியும், மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். வீடியோ எடுத்தவர் ஏமாற்றவில்லை. கேமராவுக்கு ஒரே கண், அதுவும் சரியான உயரத்தில் அசையாமல் நிற்கிறது. இருட்டாக இருந்தால் எக்ஸ்போஷரை ஏற்றிக்கொள்கிறது. நமக்கு இரண்டு கண், போதாததற்கு ஆடிக்கொண்டே இருக்கும் தலை.

இது ஹாலோகிராம் அல்ல என்பதை முதலில் சொல்லிவிடலாம். டென்னிஸ் காபர் 1947இல் கண்டுபிடித்து, 1971இல் நோபல் பரிசு வாங்கிய ஹாலோகிராம் வேறு சங்கதி. அது ஒளியலையின் கட்டத்தையும் (அலை ஏற்றத்தில் இருக்கிறதா, இறக்கத்தில் இருக்கிறதா என்பதையும்) சேர்த்தே பதிவு செய்யும். பிளாஸ்டிக் பிரமிடு செய்வதெல்லாம், 1862இல் லண்டன் மேடையில் ஜான் ஹென்றி பெப்பர் காட்டிய பேய் வித்தைதான். அதற்கான அடிப்படை யோசனை ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளருடையது, பெயர் மட்டும் பெப்பருக்குப் போய்விட்டது. மேடைக்குக் கீழே பள்ளத்தில் ஒரு நடிகர் நிற்பார், அவர்மேல் பலமான விளக்கு விழும், மேடையில் சாய்த்து நிறுத்திய பெரிய கண்ணாடியில் அவருடைய பிம்பம் தெரியும். இன்று அந்த நடிகர் இருந்த இடத்தில் உங்கள் ஃபோன் திரை இருக்கிறது.

இந்த வித்தையில் பிம்பம் தட்டையானது, ஆனால் அது நிற்கும் இடம் நிஜமானது. கண்ணாடிக்குப் பின்னால் குறிப்பிட்ட ஒரு தூரத்தில்தான் இரண்டு கண்களும் அதைப் பார்க்கின்றன, தலையை அசைத்தாலும் அது அங்கேயே நிற்கிறது. பொருளின் கனம் பொய், இடம் மெய். கீழே வரும் ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு பிழையும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

1, 6, 3.5 எங்கிருந்து வந்தது

ஃபோனுக்கான பிரமிடு என்றால் எல்லோரும் சொல்லும் அளவு: மேல் பக்கம் 1 செ.மீ., கீழ்ப் பக்கம் 6 செ.மீ., உயரம் 3.5 செ.மீ. கொண்ட சரிவகம், நான்கு துண்டுகள். காரணம் தெரிந்தால் எந்தத் திரைக்கும் நீங்களே கணக்குப் போடலாம். பிரமிடின் ஒவ்வொரு முகமும், அதாவது பக்கத் தகடும், 45 டிகிரியில் சாய வேண்டும். இரண்டு பக்கங்களின் வித்தியாசம் 5, அதில் பாதி 2.5. அதை 1.414ஆல் பெருக்கினால் 3.53. அவ்வளவுதான். டேப்லெட்டுக்கு 2, 12 என்று எடுத்தால் சரிவகத்தின் உயரம் 7.07. இந்த உயரம் தகட்டின் மேல் அளக்கும் உயரம், பிரமிடு நிமிர்ந்து நிற்கும் உயரம் அல்ல. நிற்கும் உயரம் 2.5 அல்லது 5தான். தெரியும் படத்தின் உயரமும் அதற்கு மேல் போகாது.

இந்த இடத்தில் அதிகம் பேர் செய்யும் தவறு, பிரமிடுதானே என்று சமபக்க முக்கோணங்களை வெட்டி ஒட்டுவது. ஒட்டும்போது அழகாகப் பொருந்தும், சந்தேகமே வராது. ஆனால் அப்படிச் செய்த பிரமிடின் முகச் சாய்வு ஏறக்குறைய 54.7 டிகிரி. கண்ணாடி ஒரு டிகிரி தவறினால் பிம்பம் இரண்டு டிகிரி தவறும். 9.7 டிகிரிப் பிழை 19 டிகிரிக்கும் மேலான சாய்வாகத் தெரியும். முழு முக்கோணமாகவே வெட்ட விரும்பினால் உச்சிக் கோணம் 60 அல்ல, 70.5 டிகிரி.

ஒட்டி முடித்ததும் கோணத்தைச் சோதிக்க ஒரு சதுர அட்டையை மூலைவிட்டத்தில் மடித்து அந்த முக்கோணத்தை முகத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். இதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. திரையில் கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு, அதன் பிம்பம் செங்குத்தாக நிற்கும் இடத்தில் ஒரு பல்குத்தும் குச்சியை நிறுத்துங்கள். தலையை இடமும் வலமுமாக அசையுங்கள். குச்சியும் கோடும் ஒன்றாகவே நகர்ந்தால் உங்கள் கணக்கு சரி. கோடு குச்சியைத் தாண்டி ஓடினால் பிம்பம் அந்த இடத்தில் இல்லை. மேலே ஒன்றாகவும் கீழே விலகியும் போனால் முகம் சாய்ந்திருக்கிறது. இன்னொன்றும் இதில் தெரியவரும். 1 செ.மீ. வாய் (குறுகிய பக்கத்துத் திறப்பு) உள்ள பிரமிடில் பிம்பம் நட்டநடுவில் நிற்பதில்லை, நடுவிலிருந்து அரை செ.மீ. பார்ப்பவர் பக்கமாக நிற்கிறது. நான்கு முகங்களுக்கும் இப்படித்தான். அதனால் வாயை முடிந்தவரை சிறியதாக வையுங்கள்.

எந்தத் தகடு

பிரதிபலிப்பு இரண்டு பரப்புகளில் நடக்கிறது: முன் பரப்பு, பின் பரப்பு. இரட்டை விளிம்பு தெரியக் காரணம் இதுதான். 45 டிகிரியில் அக்ரிலிக் என்றால் இரண்டு பிம்பங்களுக்கும் இடைவெளி தகட்டின் கனத்தில் முக்கால் பங்கு. 3 மி.மீ. ஷீட்டில் 2.3 மி.மீ. தள்ளி இன்னொரு ஜெல்லி மீன் தெரியும். இரண்டரை செ.மீ. உயரப் படத்தில் அது தாங்காது. 1 மி.மீ. ஷீட்டில் 0.76 மி.மீ., பரவாயில்லை. சிடி கவர் 1.2 மி.மீ. சுற்று, அதில் 0.8 மி.மீ. ஓஎச்பி ஷீட்டில் (ஓவர்ஹெட் புரொஜெக்டருக்கான மெல்லிய தெளிவான பிளாஸ்டிக் தாளில்) இரட்டைப் பிம்பம் கண்ணுக்கே தெரியாது, ஆனால் அது வளையும். வளைந்த கண்ணாடியில் முகம் எப்படி இழுபடுமோ அப்படிப் படமும் இழுபடும்.

ஃபோனுக்கு ஓஎச்பி ஷீட் போதும், துண்டு சிறியது என்பதால் வளைவு தெரியாது. டேப்லெட்டுக்கு 1 மி.மீ. அக்ரிலிக். அதற்கு மேல் பெரிதாகச் செய்பவர்கள் புகை நிற அக்ரிலிக்கைப் பார்க்கலாம். பின் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி தகட்டை இரண்டு முறை கடக்க வேண்டும். தகடு 30 சதவீத ஒளியை மட்டுமே விடும் என்றால், இரண்டாவது பிம்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். இரட்டை விளிம்பு மறைந்துவிடும். அதற்கு ஈடாகப் பிம்பத்தின் வெளிச்சம் பாதியாகும், பின்னால் வைக்கும் பொருட்களுக்கு விளக்கைக் கூட்ட வேண்டியிருக்கும்.

சிடி கவர் பாலிஸ்டைரீன், கண்ணாடிபோல உடையும். ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, பிளேடால் ஒரே கோட்டில் எட்டுப் பத்து முறை மெல்லக் கீறி, கோட்டை மேசை விளிம்போடு சேர்த்து ஒரே அழுத்தில் ஒடிக்க வேண்டும். முதல் கீறலிலேயே வேகமாக இழுத்தால் பிளேடு நழுவும், கோடு போனது போனதுதான். அக்ரிலிக்கின் காப்புத் தாளை வெட்டி முடிக்கும்வரை உரிக்காதீர்கள்.

சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அது காயும்போது வரும் ஆவி, ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் புகைபோலப் படியும், துடைத்தாலும் போகாது. ஹாட் குளூ மெல்லிய ஷீட்டை நெளிய வைக்கும். தகடுகளை வரிசையாகத் தரையில் பரப்பி, வெளிப்பக்கம் கண்ணாடி டேப்பால் ஒட்டி, பெட்டியை மடிப்பதுபோல மடித்து மூடுவதே சுலபம். ஆல்கஹால் போட்டு அக்ரிலிக்கைத் துடைத்தால் வெட்டிய விளிம்புகளில் மெல்லிய விரிசல்கள் ஓடக்கூடும். சோப்புத் தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியும் போதும். தூசி இருக்கவே கூடாது. இருட்டில் ஒவ்வொரு தூசியும் மின்னி, ‘இங்கே ஒரு தகடு இருக்கிறது’ என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு முகம் பளிச், இரண்டு முகம் மங்கல்

எல்லாம் சரியாகச் செய்தும் எதிரெதிரான இரண்டு முகங்களில் படம் நன்றாகவும், மற்ற இரண்டில் அழிந்தும் தெரிகிறதா? ஷீட்டைக் குறை சொல்லாதீர்கள். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிரும், அதாவது முனைவுற்ற ஒளி. சாதாரண ஒளி 45 டிகிரியில் ஒரு பிளாஸ்டிக் பரப்பில் பட்டால் 5 சதவீதம் திரும்பும். ஆனால் அதிரும் திசை தகட்டின் கிடை விளிம்புக்கு இணையாக இருந்தால் 9 சதவீதத்துக்கு மேல் திரும்பும், குறுக்காக இருந்தால் ஒரு சதவீதம்கூடத் தேறாது. பத்து மடங்கு வித்தியாசம்! நான்கு முகப் பிரமிடில் இரண்டு முகங்களுக்கு அதிர்ஷ்டம், இரண்டுக்கு இல்லை.

போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தால், வெள்ளைத் திரைக்கு மேல் பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். எந்தக் கோணத்தில் திரை கறுப்பாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திரையின் விளிம்புக்கு 45 டிகிரியில் கறுத்தால் நான்கு முகங்களும் சமமாக இருக்கும், கவலையில்லை. நேராக அல்லது குறுக்காகக் கறுத்தால் பிரச்சினை உண்டு. ஒரு தெளிவான பாலியஸ்டர் ஷீட்டைத் திரைமேல் படுக்க வைத்து, நான்கு முகங்களும் ஒத்துப்போகும்வரை சுழற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில ஷீட்களில் லேசாக வானவில் நிறம் ஓடும், அப்போது வேறு ஷீட் மாற்றிப் பாருங்கள். கூலிங் கிளாஸ் போட்டாலும் சுழற்றினாலும் மாறாத சில ஃபோன் திரைகள் உண்டு, அவற்றில் இந்தத் தொல்லையே வராது.

ஒரே ஒரு தகடு வைத்துச் செய்பவர்களுக்கு இதே விஷயம் லாபம். அதிரும் திசை தகட்டின் விளிம்புக்கு இணையாக வரும்படி திரையைத் திருப்பி வைத்தால், செலவே இல்லாமல் பிம்பத்தின் வெளிச்சம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

கறுப்பு எவ்வளவு கறுப்பு

இரண்டு பரப்பும் சேர்ந்து பத்து சதவீதம் என்றால், 500 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) திரை 50 நிட்ஸ் பிம்பத்தைத்தான் தரும். அறை விளக்கை அணைக்கச் சொல்வது அதனால்தான். ஆனால் கும்மிருட்டாக்கினால் இன்னொரு வம்பு வரும். எல்சிடியின் கறுப்பு முழுக் கறுப்பு அல்ல, பின்விளக்கு கசியும். கண் இருட்டுக்குப் பழகப் பழக, மீனைச் சுற்றி ஒரு சாம்பல் நிறச் சதுரம் மிதப்பது தெரியும். அந்தச் சதுரம் தெரிந்த கணமே மாயம் கலைந்துவிடும். ஓஎல்இடி திரையில் கறுப்புப் புள்ளி அணைந்தே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. எல்சிடி என்றால் பிரமிடின் பின்புறம் எங்காவது ஒரு சின்ன விளக்கை, நேராகக் கண்ணில் படாமல், எரியவிடுங்கள். சாம்பல் சதுரம் அந்த மெல்லிய வெளிச்சத்தில் கரைந்துபோகும்.

ஆட்டோ பிரைட்னஸை அணைத்துவிடுங்கள். பிரமிடின் நிழல் சென்சார் மேல் விழுந்தால் திரை தானாக மங்கும், காரணம் புரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். இரவு நேர மஞ்சள் நிறம், நோட்டிஃபிகேஷன், வீடியோ பிளேயரின் பட்டன்கள் எல்லாமே காற்றில் மிதந்து தெரியும், அவற்றையும் அணையுங்கள்.

வீடியோ தயாரிப்பு

திரை கீழே, பிரமிடு குறுகிய வாய் கீழாகத் தலைகீழாக நின்றால், படத்தின் கால்கள் நடுப்பக்கமும் தலை வெளிப்பக்கமும் இருக்க வேண்டும். திரை மேலே கவிழ்ந்து, பிரமிடு அதற்குக் கீழே நிமிர்ந்து நின்றால், தலைகள் நடுப்பக்கம், கால்கள் வெளியே. எடுத்து வைத்திருக்கும் வீடியோ எந்த வகை என்று பார்க்காமல் போட்டுவிட்டுப் படம் தலைகீழாக வருகிறதே என்று புலம்புவது வாடிக்கை.

சொந்தமாகச் செய்யும்போது சுழற்றுவது வேறு, ஃபிளிப் செய்வது (கண்ணாடியில் தெரிவதுபோலப் புரட்டுவது) வேறு என்பதை மறக்கக் கூடாது. ஒரு முறை பிரதிபலித்தால் எழுத்து தலைமாறும். திரை கீழே இருக்கும் அமைப்புக்கு, கிளிப்பை மேல்-கீழாக ஃபிளிப் செய்து பார்ப்பவருக்கு அருகிலுள்ள காலிடத்தில் (மூலைவிட்டங்கள் திரையை நாலாகப் பிரிக்கும் பகுதிகளில் ஒன்றில்) வையுங்கள். பிறகு அதே ஃபிளிப் செய்த கிளிப்பை 90, 180, 270 டிகிரி சுழற்றி மற்ற மூன்று இடங்களில் வையுங்கள். ஃபிளிப் செய்யாமல் 180 டிகிரி சுழற்றி மட்டும் வைத்தால் படம் நிமிர்ந்துதான் தெரியும், ஆனால் இடம் வலமாகும். மீனில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், பெயர் எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அளவுக்கு ஓர் உதாரணம். திரையின் அகலம் 6.8 செ.மீ., 1080 பிக்சல் என்றால் ஒரு செ.மீ.க்குச் சுமார் 159 பிக்சல். 1080க்கு 1080 சதுரக் கான்வாஸ், முழுக் கறுப்பு. நடுவில் 160 பிக்சல் சதுரம் காலியாக விட வேண்டும், அங்கேதான் பிரமிடின் வாய் உட்காரும். அதிலிருந்து வெளிப்பக்கம் 400 பிக்சல், அதாவது 2.5 செ.மீ. வரைதான் படம். இதற்கு மேல் வரைந்தது பிரமிடுக்கு வெளியே போய்விடும். கான்வாஸின் மூலைவிட்டங்களையும் படம் தாண்டக் கூடாது. இதனால் வரும் கட்டுப்பாட்டை யாரும் சொல்வதில்லை: திரை கீழே இருந்தால் உருவம் அடியில் குறுகியும் மேலே விரிந்தும்தான் இருக்க முடியும். மரம், பூ, பம்பரம், கையை விரித்து ஆடும் பெண் எல்லாம் பொருந்தும். கார், கோபுரம், உட்கார்ந்திருக்கும் பூனை ஆகியவற்றின் அடிப்பகுதி வெட்டுப்படும். அவற்றுக்குத் திரையை மேலே கவிழ்க்கும் அமைப்புதான் சரி.

நான்கு பக்கமும் ஒரே கிளிப் என்றால், சுற்றி வருபவருக்கு எந்தப் பக்கம் போனாலும் உருவத்தின் முகமே தெரியும். நிஜமான பொருள்போல இருக்க, பிளெண்டர் போன்ற 3டி மென்பொருளில் 90 டிகிரி இடைவெளியில் நான்கு கேமராக்களை வைத்து ரெண்டர் செய்யுங்கள் (படமாக்கி எடுங்கள்). திரை கீழே இருந்தால் வலப்பக்கக் கேமரா வலப்பக்கக் காலிடத்துக்குப் போகும். திரை மேலே கவிழ்ந்தால் இடமும் வலமும் இடம் மாற வேண்டும். அந்தச் சமயம் குழம்பாமல் இருக்க, பொருளின் நான்கு பக்கங்களிலும் 1, 2, 3, 4 என்று எழுதி ஒரு சோதனை ரெண்டர் போட்டுச் சுற்றி வந்து பார்த்துவிடுவது நல்லது.

வெட்டுகள், கேமரா நகர்வு, தரை, நிழல் எதுவும் வேண்டாம். உருவம் ஃபிரேமின் விளிம்பைத் தொடவே கூடாது. தொட்டால் அந்தரத்தில் ஒரு கத்தி வெட்டு தெரியும். உருவம் தன் அச்சிலேயே மெல்லச் சுழல்வதுதான் மூளையை ஏமாற்ற எளிய வழி. தட்டைப் படத்துக்குக் கனம் தருவது அந்தச் சுழற்சிதான்.

பிரமிடை விட்டு ஒற்றைத் தகடு

உண்மையைச் சொன்னால், நான்கு முகப் பிரமிடு ஒரு விளையாட்டுப் பொருள். திரையை நாலாகப் பிய்த்து, குட்டிக் குட்டிப் படமாக்கி, மூலையிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு அரைப் படங்களையும் நடுவே ஒரு கோட்டையும் காட்டுகிறது. 24 அங்குல மானிட்டரில் பிரமிடு செய்தால் 14 செ.மீ. உயரத்துக்கு மேல் படம் வராது. அதே மானிட்டரில் ஒரே ஒரு தகடு என்றால் 53 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். முன்னால் நின்று மட்டும் பார்க்கப்போகிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஒற்றைத் தகடுதான்.

மானிட்டரை முகம் கீழாகப் படும்படி ஒரு கறுப்புப் பெட்டியின் மேல்பக்கத்தில் வையுங்கள். ஸ்டாண்டை நம்பாமல் நான்கு ஓரமும் சட்டத்தில் உட்கார வேண்டும், முதுகில் உள்ள காற்றுத் துளைகள் மூடக் கூடாது. தகடு, திரையின் பின் விளிம்பில் தொடங்கி 45 டிகிரியில் பார்ப்பவரை நோக்கிக் கீழே இறங்க வேண்டும். 30ஐ 1.414ஆல் பெருக்கினால் 42.4, ஆக 53க்கு 43 செ.மீ. ஷீட். பிம்பம் திரையின் பின் விளிம்புக்கு நேர் கீழே செங்குத்தாகத் தொங்கும். திரை நேரடியாகக் கண்ணில் படாதபடி முன்பக்கம் மேலே ஒரு அட்டை மறைப்பு. திரையைக் கீழே வைத்தால் இந்த மறைப்பு படத்தின் அடிப்பகுதியையே மறைத்துவிடும். திரை மேலே இருப்பதன் பெரிய சௌகரியம் இதுதான். இந்த அமைப்பில் வீடியோவை இட-வலமாக ஃபிளிப் செய்தால் போதும், தலைப்பக்கம் பின் விளிம்பில் இருக்க வேண்டும்.

2 மி.மீ. ஷீட் தன் எடையிலேயே நடுவில் தொய்யும், படத்திலுள்ளவர்களின் முகங்கள் நீளும். பக்கச் சுவர்களில் 45 டிகிரியில் பள்ளம் வெட்டி விளிம்பு முழுக்கத் தாங்க வேண்டும், கீழ் விளிம்புக்கும் ஒரு சட்டம். அல்லது மெல்லிய பாலியஸ்டர் ஃபிலிமைச் சட்டத்தில் முரசுத் தோல்போல இழுத்துக் கட்டலாம். இரட்டைப் பிம்பமும் போகும், எடையும் இல்லை. பெரிய மேடைகளில் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு சுருக்கம் விழுந்தாலும் தெரியும் என்பதால் நாலு பக்கமும் சமமாக இழுப்பதில்தான் வேலையே.

இப்போது தகட்டுக்குப் பின்னால், பிம்பம் நிற்கும் அதே தூரத்தில் ஒரு நிஜப் பொருளை வையுங்கள், ஒரு மர ஸ்டூலோ பூந்தொட்டியோ. அதன்மேல் மட்டும் ஒரு சின்ன விளக்கு. திரையில் அந்த ஸ்டூல்மேல் உட்காருவதுபோல ஒரு பறவை. ஸ்டூலும் பறவையும் ஒரே தூரத்தில் இருப்பதால் கண்கள் இரண்டையும் ஒன்றாகவே குவிக்கும், தலை அசைந்தாலும் பிரியாது. ஸ்டூலை 5 செ.மீ. பின்னால் தள்ளிப் பாருங்கள், பறவை உடனே வெறும் படமாகிவிடும். வெறும் இருட்டில் மிதக்கும் விலை உயர்ந்த ரெண்டரைவிட, நிஜ ஸ்டூல்மேல் உட்கார்ந்த சாதாரணப் பறவை பார்ப்பவரை அதிகம் நிறுத்தும். ஸ்டூலின் விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறதோ, ரெண்டரிலும் அதே பக்கத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும். ஃபிளிப் செய்ததில் அது எதிர்ப்பக்கம் போய்விட்டதா என்பதைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பறவை ஸ்டூலுக்குப் பின்னால் போக வேண்டும் என்றால் மட்டும் கொஞ்சம் தந்திரம் தேவை. பிம்பம் ஒளி மட்டுமே, அது எதையும் மறைக்காது, எப்போதும் பொருளின் மேல் படிந்தே தெரியும். ஸ்டூலின் வடிவத்தை அளந்து வீடியோவில் அந்த இடத்தில் கறுப்பு முகமூடி போட்டுவிட்டால், பறவை அதன் பின்னால் போய் மறுபக்கம் வரும். அளவு ஒரு மி.மீ. பிசகினாலும் ஓரத்தில் சிறகு கசியும். அதனால் பெட்டியிலேயே திரையை ஏற்றி, பார்ப்பவரின் கண் உயரத்தில் உட்கார்ந்து, அங்கிருந்தபடியே முகமூடியின் விளிம்பை நகர்த்திச் சரிசெய்ய வேண்டும்.